குருத்தோலை ஒட்டிய பெட்டி

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தார். "வீட்டுல இருக்குற பழைய குருத்தோலையெல்லாம் கொண்டு வாங்க. விபூதிப் புதனுக்கு எரிச்சு சாம்பல் எடுக்கணும்."

எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டு ஓலை முழுவதும் ஒரு பெட்டியின் மேல் அல்லவா ஒட்டியிருக்கிறது!

விஷயம் இதுதான். மகள் ஸ்டெல்லாவுக்கு சைப்ரஸில் வேலை. செவ்வாய்க்கிழமை பயணம். வீட்டு நினைவாக என் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்க ஆசை. கால் சப்பாத்து வாங்கின பழைய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்தேன். உள்ளே தேயிலைப் பக்கெட்டின் வெள்ளித்தாள். வெளியே...? போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலைகள் கண்ணில் பட்டன. ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்கி, நறுக்கி, பாய் போலப் பின்னி ஒட்டினேன். மூடியைச் சுற்றி அவளுடைய பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான்கள். உள்ளே அவள் முதன்முதல் நன்மை வாங்கிய புதுநன்மை நாள் படமும் ஒரு செபமாலையும்.

ஆண்டவரே அவளுக்குக் காவலாகப் போவார் என்று நினைத்தேன். அது தப்பா?

தப்புதான் என்றாள் தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டில் இருக்கும் நாத்தனார் ரோசம்மா.

"மந்திரிச்ச ஓலைய கத்திரிக்கோலால வெட்டலாமா அண்ணி? அது கோயிலுக்குப் போகவேண்டியது. பிச்சுக் குடுத்துருங்க."

"பிச்சா பெட்டி கிழிஞ்சிருமே..."

"ஒட்டுறதுக்கு முந்தி யோசிச்சிருக்கணும்."

என் வீட்டுக்காரர் இடையில் புகுந்தார். "ஓலைதானே மந்திரிச்சது? சப்பாத்துப் பெட்டியையுமா எரிக்கச் சொல்ற?"

"நீங்க பேசாம இருங்கண்ணே!"

ஒரு பக்கம் சாமிக்குச் சேரவேண்டியது. மறுபக்கம் பிள்ளைக்குச் சேரவேண்டியது. யாரிடம் இல்லை என்று சொல்வது?

அன்றைக்கே பெட்டியோடு பசறைக் கோயிலுக்கு பஸ் ஏறி ஃபாதரிடமே போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்க."

மனசுக்கு ஒன்றும் படாமல்தானே அவரிடம் போனேன்!

திங்கட்கிழமை ஸ்டெல்லா உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். என்ன என்று கேட்டாள், சொன்னேன். சிரித்துவிட்டு, மூடியின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு ஓலையை மெதுவாக உரித்தாள்.

"இத கோயிலுக்குக் குடும்மா. மிச்சம் என்னோட வரட்டும்."

"அந்த எடம் மொட்டையாத் தெரியுமேடி?"

"தெரியட்டும். பாக்குறப்பல்லாம் நீ இப்ப முழிச்சுக்கிட்டு நிக்கிற மொகம் ஞாபகம் வரும்ல."

இது சரிதானா? தெரியவில்லை. ஓலையைக் கோயிலுக்கும் பெட்டியை அவளுக்கும் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை ஃபாதர் என் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். பிள்ளை போய் இறங்கியிருப்பாளா... இந்தச் சாம்பலில் அவள் உரித்த ஓலையும் இருக்குமே! அவ்வளவுதான் — சொல்லிக்கொண்டிருந்த செபம் பாதியில் நின்றுபோனது. வீட்டுக்கு வந்தும் நெற்றியைக் கழுவ மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் ரோசம்மா வாசலில் நின்றாள். "இன்னுமா கழுவல அண்ணி?"

வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களே, இதற்கும் ஏதாவது சட்டம் இருக்கிறதா?