அக்காவின் ஐந்தரைக் கட்டை

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. வருஷாப்திகத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவு மலர் கொடுக்க வேண்டும், தம்பி நீதான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. ஓராண்டாக இப்படித்தான் இருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா வலியசாலையில், இதே வீட்டில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது அப்பா ஒரு பழைய ஆர்மோனியம் வாங்கி வந்தார். அப்பாவுக்குப் பாட்டு தெரியாது. குழந்தையைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, ஏதாவது ஒரு கட்டையை அழுத்தி, எத்தனையாவது கட்டை என்று கேட்பார். ஒன்று, ஐந்து, கறுப்புக் கட்டையானால் இரண்டரை என்று அக்கா சொல்வார். ஐந்து வயதுக்குள் ஒரு தவறும் வராமல் போயிற்று. பிற்பாடு பிறந்த நான் ஒன்பது வயதில் அதே விளையாட்டுக்கு உட்கார்ந்தேன். இரண்டு வருடம் முட்டி மோதியும், சுரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு மேல் எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

"சின்னதிலேயே ஒட்டிண்டாதான் உண்டுடா. நீ லேட்டு" என்பார் அக்கா.

குக்கர் விசிலுக்கும் கிழக்கேகோட்டை பஸ் ஹாரனுக்கும் அவர் கட்டை சொல்வார். அப்பா காலமானதும் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மதிடா, போறும், வேறே பேசு" என்று முடித்துவிடுவார். மாலையில் தெருக் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு நடக்கும். சுருதி எப்போதும் ஐந்தரைக் கட்டை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவர் ஓய்வு பெற்றபோது, எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சில மாதங்களில் குறை சொல்லத் தொடங்கினார்.

"அஞ்சரையிலே வெச்சா ஆறா கேக்கறதுடா. மாத்திண்டு வா."

கடைக்கு இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனேன். "பெட்டிக்கு ஒரு கொழப்பமும் இல்லை, சாமி" என்றார் கடைக்காரர். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கோயில் மணியும் அரைக்கட்டை ஏறிவிட்டது என்றார். ஒருநாள் வகுப்பில், சரியாகப் பாடிக்கொண்டிருந்த பெண்ணை ஆறில் பாடுவதாகக் கண்டித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆர்மோனியத்தைத் திறந்து, அவர் கண்ணெதிரே ஐந்தரைக் கட்டையை அழுத்தினேன்.

"இது எத்தனை?"

அக்கா என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். "ஆறு" என்றார், மெதுவாக.

"பெட்டி கெடலை. உன் காதுதான் கெட்டுப்போச்சு" என்றேன், குழந்தைகள் முன்னிலையில்.

மறுநாள் முதல் வகுப்பு இல்லை. பெட்டி அலமாரிக்குப் போயிற்று. வீட்டில் அதற்குப் பிறகு பாட்டே கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துத்தான் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். காதில் ஒரு கோளாறும் இல்லை என்றார் அவர். வேறு சுருதியின் துணையில்லாமல் சுரம் சொல்லக்கூடிய சிலருக்கு, வயதாகும்போது எல்லாம் சற்று ஏறிக் கேட்குமாம். மற்றவர்களுக்கும் அப்படி ஏறக்கூடும், ஆனால் அவர்களுக்கு அது தெரிய வராதாம்.

திரும்பும் வழியில் அக்கா கேட்டார்: "அப்போ பெட்டியும் சரி, நானும் சரி. அப்படித்தானே?"

"ஆமாம் அக்கா" என்றேன். மன்னித்துக்கொள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சென்ற ஆண்டு மூச்சுத் திணறலால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாட்கள். கட்டிலருகே ஏதோ ஒரு கருவி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின நாள் கண்ணை மூடியபடியே சொன்னார்: "ஆறுன்னு கேக்கறது. அரை குறைச்சா அஞ்சரை. சரியாடா?"

எனக்கு எப்படித் தெரியும்? "சரி அக்கா" என்றேன்.

காரியங்கள் முடிந்த பிறகு அலமாரியைத் திறந்தேன். பெட்டியின் மேல் தூசியே இல்லை. சுருதி மாற்றும் திருகைச் சுற்றியிருந்த எண்களில் ஐந்தின் மேல் குங்குமத்தால் ஒரு கோடு இழுத்திருந்தது. பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டேன்.

"நீ ஆபீஸ் போனப்பறம் தினம் பாடுவாளே! நோக்குத் தெரியாதோ?"

தெரியாது. அவர் காதுக்கு ஐந்தரையாகக் கேட்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, நான் இல்லாத வேளையாகப் பார்த்துப் பாடியிருக்கிறார். மாமி போன பிறகு, திருகை நகர்த்தாமல் அலமாரியை மூடினேன். அப்போதும் அழுகை வரவில்லை.

பதினோரு நாளும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய மாமிக்கும், இரத்தம் கொடுத்த அலுவலக நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் இரண்டு முறை பெட்டியைச் சோதித்துத் தந்த கடைக்காரருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்று மாலை அக்காவின் மாணவிகள் பாடுகிறார்கள். சுருதிப் பெட்டி கூடத்தில் இருக்கும். ஐந்தில் நிற்கிறதே என்று யாரும் திருகைத் தொட வேண்டாம். அது ஐந்தரைதான்.