சாக்கு போர்த்திய கூண்டு

வெர்னாவின் பழைய வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவசரக்காரர் பாடு திண்டாட்டம்தான். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் ஒவ்வொரு குட்டைக் கங்காருவுக்கும் நிறுத்துவாள். இறங்கிப் புரட்டிப் போட்டு, வயிற்றுப் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பாள். குட்டி உயிரோடு இருந்தால் எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்வாள். தாஸ்மேனியாவின் அந்த மூலையில் பலரும் செய்வதுதான். ஆனால் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தாலும் அசையாமல் செய்பவள் அவள் ஒருத்திதான். அறுபத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை, பத்து ஏக்கர் நிலம், நாற்பது கறுப்புக் கோழிகள், இளகிய மனசு. அந்த மனசைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபரில் குவோல் வந்தது. பூனை அளவு உடம்பு, பழுப்பு முடி முழுக்க வெள்ளைப் புள்ளி, கோழிக் கழுத்தைக் கவ்வினால் விடாத வாய். கோழிக் கொட்டகைக் கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாகப் புகுந்து ஒரே வாரத்தில் பதினோரு கோழிகளைத் தீர்த்துவிட்டது. இடுக்கை அடைக்க அடைக்கப் புது இடுக்கு கண்டுபிடித்தது.

பக்கத்து நிலத்து டட்லி வேலியில் கையூன்றி நின்று வேடிக்கை பார்த்தான்.

"எங்கிட்ட விட்டுடு வெர்னா. ஒரே ஒரு தோட்டா."

"அதைச் சுடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமில்ல?"

"யாரு போய்ச் சொல்லப் போறா, உன் கோழியா?"

"நான் சொல்லுவேன். மனுசனா நீ? அதுவும் பசிக்குத்தானே வருது."

"பசிச்ச வாய்க்கு நாற்பது கோழி வளர்த்து வச்சிருக்கியே, நீதான் மகராசி," என்று சிரித்துவிட்டுப் போனான்.

வெர்னா கம்பிக் கூண்டில் கோழித் தலையை வைத்தாள். திங்கட்கிழமை விடியலில் குவோல் உள்ளே சீறிக்கொண்டிருந்தது. மிரளக் கூடாதே என்று சாக்கை எடுத்துக் கூண்டு முழுக்கப் போர்த்தினாள். ஓரத்தைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப்போய், ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் கதவைத் திறந்துவிட்டாள். அது பெரணிச் செடிகளுக்குள் ஓடி மறைந்தது. திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் மூன்று பேரிடம் அந்தக் கதையைச் சொன்னாள்.

இரண்டு நாள் ஒரு கோழியும் சாகவில்லை. புதன்கிழமை முட்டை பொறுக்கும்போது, கொட்டகையின் பலகைத் தரைக்கடியில் மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டது. எலி என்றுதான் நினைத்தாள். குப்புறப் படுத்து இடுக்கில் டார்ச் அடித்தாள். வைக்கோலுக்குள் குட்டி முகங்கள். முதுகில் வெள்ளைப் புள்ளிகள்.

வெர்னா டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். செத்துக் கிடந்ததையெல்லாம் புரட்டிப் பார்த்தவள், உயிரோடு கையில் சிக்கியதைப் பார்க்கவில்லை. சாக்கின் ஓரத்தைத் தூக்கியிருந்தால் பால் கட்டிய காம்புகள் தெரிந்திருக்கும்.

அநாதைக் குட்டிகளை எடுத்து வளர்க்கும் கார்லினுக்கு போன் போட்டாள்.

"தாயை எப்பக் கொண்டுபோய் விட்டீங்க?"

"திங்கட்கிழமை காலையில."

மறுமுனையில் கார்லின் திங்கள், செவ்வாய், புதன் என்று வாய்விட்டு எண்ணினாள்.

"இப்பவே போய்ப் பிடிச்சுட்டு வந்துடறேன் கார்லின்."

"அது எங்க அலையுதோ. வேற குவோலுங்க இருக்கிற காடு, அதுங்க இதை ஒரு இடத்துல நிக்க விடாது. முதல்ல குட்டிங்களை வெளிய எடுங்க. ரெண்டு நாளாப் பால் இல்ல. நான் கிளம்பிட்டேன்."

பலகைகளை அவளே ஆணி அடித்து இறுக்கியிருந்தாள், ஒன்றும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் வேலிப் பக்கம் ஓடி டட்லியைக் கூப்பிட்டாள். அவன் கடப்பாரையோடு வந்தான். என்ன, ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நெம்ப ஆரம்பித்தான். கோழிகள் தலைக்கு மேல் பறந்து கத்தின. ஆறு பலகை பெயர்ந்ததும் வெர்னா தோள்வரை கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். மூன்று குட்டிகள் அவள் விரலைக் கடிக்கப் பார்த்தன. நான்காவது சில்லிட்டிருந்தது.

"நான் சுட்டிருந்தேன்னா புரட்டிப் பார்த்திருப்பேன்," என்றான் டட்லி. அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு அதிகம் வலித்தது.

கார்லின் வந்து மூன்றையும் கம்பளித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"பிழைச்சுதுன்னா கோடை முடியறப்போ காட்டுல விடணும். எடுத்த இடத்துக்குப் பக்கத்துலதான் விடறது வழக்கம். ஆனா உங்ககிட்ட கோழி இருக்கு. வேணாம்னா சொல்லுங்க, வேற இடம் கேட்டு வனத்துறைக்கு எழுதிப் பார்க்கறேன்."

டட்லி வெர்னாவின் முகத்தைப் பார்த்தான். அவள் பெயர்ந்து கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த கோழிகள் அதில் இறங்கிக் கிளற ஆரம்பித்திருந்தன.

"வேற இடத்துல கொண்டுபோய் விட்டது ஒண்ணே போதும்," என்றாள். "இங்கயே கொண்டாந்து விடு."

கார்லின் தலையாட்டிவிட்டுப் பெட்டியை வண்டியில் ஏற்றினாள். நான்காவது குட்டி இன்னும் வெர்னாவின் கையிலேயே இருந்தது. அதை வாங்கிக்கொள்ள இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.