கணேசபாண்டியன் போட்ட சம்மனசு

பம்பாய் தாராவியில் கட்டில் செய்கிற கணேசபாண்டியன் ஒரு அவசரக்குடுக்கை. எதையும் முழுசாகக் கேட்க மாட்டான். பாதியிலேயே "புரிஞ்சிட்டுவே!" என்று உளியை எடுத்துவிடுவான். பக்கத்துத் தெரு ஜமால் முக்கால் அடி உயரத்தில் ஒரு கட்டில் கேட்டார். வந்து நின்றது முக்காலி.

இது தெரிந்தும் 1946-ல் எங்கள் தகரக்கூரை மாதா கோவிலுக்கு, பீடத்தின் பின்னால் நிறுத்தும் சிற்பப் பலகையை அவனிடம்தான் சொன்னேன். நான் அந்தக் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். என் புத்தியை எதால் அடிப்பது!

"நடுவுல மாதா. ரெண்டு பக்கமும் சம்மனசு போடும். றெக்கையை மறந்துராதேயும்."

"புரிஞ்சிட்டுவே!"

மூன்று மாதம் அவன் கால் தரையில் பாவவில்லை. ஜனங்கள் படுத்து உருளுகிற சாமானையே செய்துவந்தவனுக்கு, நிமிர்ந்து பார்க்கிற சாமான் வாய்த்திருக்கிறது. "இது மட்டும் பீடத்துல ஏறட்டும், செத்தாலும் சரி" என்று மாட்டுங்கா வரைக்கும் தம்பட்டம். பலகையை யாருக்கும் காட்டவில்லை.

திருநாள் காலையில்தான் மூடியிருந்த சாக்கை உருவினான். மாதா கொள்ளை அழகு. இரண்டு பக்கமும் றெக்கை வைத்த இரண்டு பேர், பந்திக்கு உட்கார்ந்த மாதிரி, ஜம்மென்று சம்மணம் போட்டிருந்தார்கள்!

"என்னவே இது?"

"நீருதானவே சம்மணம் போடச் சொன்னீரு!"

"ஏ மூதி! சம்மனசுன்னா வானதூதருவே!"

அவன் முகம் செத்துவிட்டது. "அப்ப ஏத்த மாட்டியளா?" என்றான். அந்தக் குரலில் என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏற்றினோம். அவன் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டான்.

பூசைக்கு வந்த கோவாக்காரச் சாமியார் பலகையைப் பார்த்து அப்படியே நின்றார். தமிழ் தெரியாத மனுஷர். இவர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இந்தியில் கேட்டார்.

"பெஞ்ச் நஹி ஹை, ஃபாதர்" என்று உளறினேன்.

சாமியார் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே எங்கள் கோவிலில் பெஞ்சு கிடையாது. இருநூறு பேரும் தரையில் சம்மணம் போட்டிருந்தார்கள். அவர் மறுபடி பலகையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், சிரித்து, கண்ணைத் துடைத்து, இதைச் செய்தவனைக் கூப்பிடு என்றார்.

கணேசபாண்டியன் வாசலிலிருந்து உள்ளே வந்தான். எங்கே நிற்பதென்று தெரியாமல் பலகைக்கு அடியிலேயே தொப்பென்று உட்கார்ந்தான், சம்மணம் போட்டு.

பூசைக்கு வந்து முன்னால் உட்கார்ந்திருந்த ஞானப்பூ பக்கத்தில் இருந்தவளிடம் உரக்கவே சொல்லிவிட்டாள்: "ஏட்டி, மூணாவது சம்மனசு வந்துட்டு!"

கூரைத் தகரம் அதிரச் சிரித்தோம். அவன் தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இப்பந்தான் புரிஞ்சிட்டுவே" என்றான், அழுதுகொண்டே.