முக்கோண நட்டு

அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் என் சைக்கிளின் முன்சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதுச் சக்கரத்துக்கு, தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டும் நண்பர் முக்கோண நட்டுகள் செய்து கொடுத்தார். அவர் தந்த சாவி இல்லாமல் அவற்றைக் கழற்ற முடியாது.

ஐப்பசி மழையில் எங்கள் மகளுக்கு மூச்சுத் திணறியது. அவளை மடியில் வைத்துக்கொண்டு மனைவி கேரியரில் உட்கார, கள்ளிக்குப்பம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரம் கோணி, ஃபோர்க்கில் சிக்கி நின்றுவிட்டது. நட்டைத் தளர்த்தினால் நேராக்கிவிடலாம். ஆனால் நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. சாவி வழுக்கி மழுங்கியது.

அவ்வழியே மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்த வண்டிக்காரர் ஸ்பானரோடு குனிந்தார்.

“இன்னா நட்டு அண்ணாத்தே இது? ஸ்பானரே புடிக்கல.”

“திருடன் கழட்டக் கூடாதுன்னு போட்டது.”

“பாப்பாவுக்கு உதடு நீலமாவுதுங்க,” என்று மனைவி அழுதாள்.

கல்லை எடுத்து நட்டை வெறிபிடித்தவன்போல் அடித்தேன். என் விரல்தான் கிழிந்தது. வண்டிக்காரர் தோளைப் பிடித்து இழுத்தார்.

“அத்த உட்டுட்டு வண்டில ஏறு நைனா.”

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து வெகுநேரம் கழித்தே மகள் கண் திறந்தாள்.

மறுவாரம் அந்த நட்டுகளை ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டு, சாதாரண நட்டுகளையே மாட்டினேன். திருடன் கழற்றினால் கழற்றிக்கொண்டு போகட்டும் என்று மனைவியிடம் சொன்னேன்.