பட்டியை இழுத்துப் பார்ப்பவன்

சாரங்கனுக்கு நாற்பத்தாறு வயது. பதினொரு வருடங்களாக வளைகுடா நாடொன்றின் கேளிக்கைப் பூங்காவில் வேலை. ஆட்களைப் பன்னிரண்டு தடவை தலைகீழாகச் சுற்றி இறக்கும் ரோலர் கோஸ்டர் ஒன்று அங்கே ஓடுகிறது. அந்த வட்டாரத்திலேயே இதுதான் அதிகம் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவன் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறுகிறவர்களின் இடுப்புப் பட்டியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டுவதுதான் அவன் வேலை. ஊரில், வெள்ளவத்தையில், யாராவது கேட்டால், "பெல்ட் போட்டு விடுறனான்" என்பான்.

இரண்டு வருடங்களாக வலது கையில் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் சரியில்லை. முதலில் ஊசி குத்தியது. பிறகு மரத்துப் போனது. மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் அப்படித்தான். நேரத்தோடு காட்டினால் சரிப்படுத்தலாம். அவன் காட்டவில்லை. பூங்காவுக்குத் தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். வீட்டிலும் மூச்சு விடவில்லை.

போன மாதம் ஒரு சிறுமியின் பட்டியை இழுத்துப் பார்த்துப் பெருவிரலைத் தூக்கினான். அவனுக்குப் பின்னால் பட்டிகளை இரண்டாம் தடவை சரிபார்த்து வந்த சக ஊழியை, தெமட்டகொடைக்காரி பஸ்லா, அந்தச் சிறுமியருகில் நின்றுவிட்டாள். பட்டி பூட்டுப்படாமல் தொங்கியது. அந்தக் கூச்சலில் பூட்டு விழுந்ததா என்பது காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும்.

"நானா, நின்டுகொண்டே நித்திரையா?" என்று சிரித்தபடி பஸ்லா அதைப் பூட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு லீவில் ஊருக்கு வந்தான். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்பப் பயணம். புதன் காலை மனைவி ரூபிகா அவனைப் பம்பலப்பிட்டியில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் பாஸ்போர்ட். பூசை முடிந்து ஐயர் கற்பூரத்தை நீட்டினார். நீட்டியபடியே, பின்னேரப் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குத் திரும்பிப் பதில் சொன்னார். சாரங்கன் இடக்கை தட்டிலும் வலக்கை சுடரிலுமாகப் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இஞ்சேருங்கோ! கை! கையை எடுங்கோ!"

ரூபிகா முழங்கையில் தட்டினாள். மூன்று விரல் நுனிகளும் வெளிறிப்போயிருந்தன.

கோயில் குழாயடியில் கையைப் பிடித்துத் தண்ணீரை ஓடவிட்டாள்.

"சுடேல்லையே உங்களுக்கு?"

"இல்லை."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசம் வாயைத் திறக்கேல்ல. நல்ல மனுசன்!" அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு நாளும் சமாளிச்சனீங்கள்தானே. இந்த முறையும் போயிட்டு வந்து டொக்டரிட்டக் காட்டுவம்."

அவன் அந்தச் சிறுமியின் கதையைச் சொன்னான். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னான்.

"என்ன வயசிருக்கும்?"

"பதின்மூண்டு. பல்லுக்குக் கம்பி போட்டிருந்தவ."

ரூபிகா குழாயைப் பூட்டினாள். போய் வந்து காட்டுகிற கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சாரங்கன் கோயில் வாசலில் நின்றே பூங்காவின் மேற்பார்வையாளன் இப்றாஹிமை அழைத்தான். கொட்டாஞ்சேனைக்காரன், பழைய சிநேகிதன்.

"மச்சான், என்ர இடத்துக்கு வேற ஆளைப் போடு. கை மரத்துப்போச்சு. ஒருக்கா ஒரு பிள்ளையின்ர பெல்ட்டைப் பூட்டாமலும் விட்டிட்டன்."

"என்ன மச்சான் நீ, வாரன் எண்டு சொல்லிட்டு இப்ப வெளாடுறியா?"

"உண்மையாத்தான்."

"இத நான் மேல சொன்னா, நீ திரும்ப இங்க வர ஏலாது. வெளங்குதா?"

"ஓம். சொல்லு."

போனை வைத்தான். அழுகையும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. ரூபிகா டொக்டரைப் பார்க்கப் போனில் நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலமையோ பின்னேரமோ?" என்று கேட்டாள்.

"காலமை," என்றான்.