தில்லைக்கடலோனில் ஒரு பாதி

“எழுத்தாளர் தில்லைக்கடலோன் காலமானார்” என்று வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நான் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் திரும்பும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. ஏனென்றால் தில்லைக்கடலோனில் பாதி நான்தான். என் பாதி உயிரோடு, கையில் டிக்கெட்டோடு இருந்தது. மற்றப் பாதியான ஆரோக்கியராஜின் மனைவி பிலோமினா பலமுறை அழைத்திருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். பஸ் சத்தத்தில் மணி அடித்தது கேட்கவில்லை. திருப்பி அழைத்தேன். “அண்ணே, அவுரு போயிட்டாரு” என்றாள். காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லையாம். சிதம்பரத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸிலேயே கடலூர் போனேன்.

ஆரோக்கியராஜை அறிந்த உங்களில் சிலருக்கு அவன் மஞ்சக்குப்பத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். சிலருக்குத் தில்லைக்கடலோன். சோழர் காலத்துக் கப்பல்களும் பேய்களும் யாளிகளும் புகுந்து விளையாடும் அந்தத் தொடர்கதைகளை எழுதியது இரண்டு பேர் என்பது பத்திரிகை ஆசிரியருக்கும் எங்கள் இரண்டு வீட்டுக்கும்தான் தெரியும். நாங்கள் மெனக்கெட்டு மறைக்கவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. “ரெண்டு பேரு பேரப் போட்டா, எவன் எத எழுதுனான்னு ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சிடுவானுங்க மச்சான். கதையப் படிக்க மாட்டானுங்க” என்பான். அவனை ‘அவர்’ என்று மரியாதையாக எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவன். ஏதோ அலுவலக வேலையாக மஞ்சக்குப்பம் போன இடத்தில் கண்ணாடி உடைந்து அவன் கடைக்குள் நுழைந்தேன். பரிசோதிக்கிற இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே கேட்டான்: “சார், ஒருத்தன் யானைக் கொட்டாயில மாட்டிக்கிட்டான். வாசல்ல மதம் புடிச்ச யானை. மூணு பக்கமும் செவுரு. எப்படி வெளிய வருவான்?” நான் இதுவும் கண் பரிசோதனையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு, கூரை ஓலைதானே, பிய்த்துக்கொண்டு போகட்டும் என்றேன். “அட, கூரைய மறந்தே பூட்டேன்” என்று வில்லையைக் கீழே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டான். அந்தச் சந்தோஷத்தில் வலது கண்ணாடியை இடதிலும் இடதை வலதிலும் போட்டுக் கொடுத்தான். மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடப் போனேன். அடுத்த சிக்கலோடு காத்திருந்தான். அன்றைக்குச் சிக்கியவன் நான்.

எங்கள் வேலைமுறை இதுதான். ஒரு அத்தியாயம் அவன், அடுத்தது நான். அத்தியாயம் முடியும்போது நாயகன் வேல்நம்பியைத் தப்பவே முடியாத ஒரு இடத்தில் மாட்டிவிட வேண்டும். அடுத்தவன் மீட்க வேண்டும். மாட்டிவிட்டவனிடம் ‘நீ என்ன யோசித்து வைத்திருந்தாய்’ என்று கேட்கக் கூடாது. அவனும் யோசித்து வைத்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில் ஆரோக்கியராஜ் மகா கண்டிப்பு. “வழி தெரிஞ்சிக்கிட்டு மாட்டிவுட்டா அது மாட்டிவுடறதே இல்ல. படிக்கிறவன் மோப்பம் புடிச்சிடுவான்” என்பான்.

ஒரு தடவை வேல்நம்பியை வீராணம் ஏரியின் அடியில், ஒரு கல் யாளியின் வாய்க்குள் அடைத்துவிட்டான். அந்த வாரம் முழுக்க நான் வகுப்பில் ஆக்சிஜன் பாடம் நடத்தியபோதெல்லாம் எனக்கு மூச்சு முட்டியது. எப்படியோ மீட்டேன். பழிக்குப் பழியாக, தேவனாம்பட்டினம் கரையிலிருந்து வேல்நம்பியை ஒரு படகில் ஏற்றி, துடுப்புப் போடுகிறவர்கள் அத்தனை பேரும் பேய்கள் என்று கடைசி வரியில் எழுதி அனுப்பினேன். ஆரோக்கியராஜ் வாரம் முழுக்கத் தவிப்பான் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவனோ இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டான். பேய்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அலை கொஞ்சம் உயர்ந்ததும் எல்லாப் பேயும் படகின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுவிட, வேல்நம்பியே துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தான். பெரியவர்கள் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டிச் சிரித்த அத்தியாயம் அது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இரண்டு கை எழுதினால் என்ன ஆகுமோ அதுவும் ஆனது. ஒரு வாள்சண்டையில் வேல்நம்பியின் சுண்டுவிரலை நான் வெட்டிவிட்டேன். ஆரோக்கியராஜ் அந்தப் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்திருக்கிறான். அடுத்த வாரம் வேல்நம்பி பத்து விரலாலும் யாழ் வாசித்துக்கொண்டிருந்தான். வாசகர்கள் விடவில்லை. பத்திரிகை ஆசிரியர் திருத்தம் போட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றார். “மன்னிப்பெல்லாம் வேணாம் சார். வெரல் மொளைச்சிடுச்சு. யாரு மொளைக்க வச்சாங்கன்னு இவரு சொல்லுவாரு” என்று என் தலையில் கட்டினான். அப்படித்தான் தில்லைவனத்து விரல்காரி பிறந்தாள். கொடுத்த விரலை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கிற மந்திரக்காரி. எங்கள் கதைகளிலேயே மக்கள் அதிகம் விரும்பிய பெண் அவள்தான்.

இவ்வளவு கடல் எழுதியவனுக்குத் தண்ணீர் என்றால் உதறல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிச்சாவரத்தில் படகேறிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று அழைத்துப் போனேன். ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தான். “என்னா தெரியுது, சொல்லு” என்பான். நான் சொல்வேன். “ஜாஸ்தி சொல்லாத, பயமா கீது” என்பான். அடுத்த வாரம் அந்தச் சுரபுன்னைக் காட்டை அவன் எழுதியதைப் படித்தபோது, கண்ணைத் திறந்துகொண்டு போன நான் எதையுமே பார்க்கவில்லை என்று தோன்றியது.

அவன் கடைசியாக அனுப்பிய அத்தியாயத்தில் வேல்நம்பி ஒரு பாழுங்கிணற்றுக்குள் கிடக்கிறான். எதிரிகள் பாறையை உருட்டி வாயை மூடிவிட்டார்கள். ஊற்று திறந்து தண்ணீர் ஏறுகிறது. அவன் அங்கே இருப்பது தெரிந்த ஒரே ஆள் தோழன் பூதன். பூதன் கயிற்றோடு குதிரையில் வந்து இறங்குகிறான். பாறையருகே ஓடுகிறான். முதுகில் அம்பு தைத்து விழுகிறான். தொடரும். படித்த உடனே போன் செய்தேன். “யோவ், வெளியில இருந்த ஒருத்தனையும் சாகடிச்சிட்டியே, இனிமே யாருய்யா தூக்குறது?” அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “அதான் நீ கீறியே மச்சான், பாத்துக்க.” அவனோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அது.

அடக்கம் முடிந்த பிறகு மஞ்சக்குப்பத்தில் வாசகர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். காடாம்புலியூரிலிருந்து ஒருவர் பலாப்பழத்தோடு வந்திருந்தார். “அய்யாவுக்குக் குடுக்கணும்னு மரத்துலயே வுட்டு வச்சிருந்தேன்” என்று மேடையோரம் வைத்தார். மணம் தாங்காமல் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஒருவர் மறைந்தவரின் வாள்சண்டைக் காட்சிகளுக்கு ஈடே இல்லை என்று உருகினார். வாள்சண்டை அத்தனையும் நான் எழுதியது. செத்தவன் பெயரில் என்னைப் புகழ்வதைக் கேட்டுச் சந்தோஷப்படவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. எழுந்து, தில்லைக்கடலோனில் நானும் பாதி என்றேன். மைக் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, “துக்கத்துல பேசுறாரு, தண்ணி குடுத்து உக்கார வைங்க” என்றார். பிலோமினா எழுந்து வந்து, “அவரு சொல்றது நெசந்தாங்க” என்ற பிறகுதான் விட்டார்கள். ஆரோக்கியராஜ் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் என்னை ஓட்டியிருப்பான்.

கூட்டம் கலைந்ததும் பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார். “ஆசிரியர் மறைவால் தொடர் நிறுத்தப்படுகிறதுன்னு போட்டுடலாமா சார்? யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.” நியாயமான பேச்சுதான். ஆனால் நிறுத்தினால் வேல்நம்பி கிணற்றிலேயே கிடப்பான், தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். எழுதினாலோ, அடுத்த வாரம் அவனை எங்கே மாட்டிவிட்டாலும் மீட்க ஆளில்லை. ஒரு அத்தியாயம் அனுப்புகிறேன், பிறகு சொல்கிறேன் என்றேன்.

அந்தக் கடைசி அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பூதன் விழுந்தான் சரி, அவன் வந்த குதிரை என்ன ஆனது? ஆரோக்கியராஜ் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மறந்துவிட்டிருப்பான். யானைக் கொட்டாயில் கூரையையே மறந்தவன்தானே. பூதன் அம்பு படுவதற்கு முன்பே கயிற்றின் ஒரு முனையைப் பாறையிலும் மறுமுனையைக் குதிரையிலும் கட்டி முடித்திருந்தான் என்று எழுதினேன். எஜமான் விழுந்ததைப் பார்த்து மிரண்ட குதிரை பாய்ந்தது. பாறை புரண்டது. ஏறிய தண்ணீரே வேல்நம்பியைத் தூக்கி மேலே கொண்டுவந்தது. எழுதி முடித்தபோது மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நன்றாக அழுதேன். அதுவரை அழ நேரமே கிடைக்கவில்லை.

அதற்கு மேல் வேல்நம்பியை ஒன்றும் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பூதனைப் புதைத்துவிட்டு, ஒரு மீனவர் குடிசையில் சூடாகச் சோறு சாப்பிட்டு, பாயில் படுத்துத் தூங்குகிறான் என்று முடித்தேன். இத்தனை வருஷத்தில் அவன் ஆபத்தில்லாமல் படுத்தது அன்றுதான். எங்கள் அத்தியாயங்களை முதலில் படிப்பவள் எப்போதும் பிலோமினாதான் என்பதால் அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

“என்னாண்ணே இது? சோறு துன்னுட்டுத் தூங்குறான்?”

“பாவம், தூங்கட்டுமே பிலோமினா.”

“அவன் தூங்கறதப் படிக்கவா சனங்க புக்கு வாங்குறாங்க? எதுலயாச்சும் மாட்டிவுடுங்க.”

“மாட்டிவிட்டா யாரு மீட்கறது? அவன் இல்லியே.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு தெளிவாகச் சொன்னாள்: “அது அடுத்த வாரத்துக் கவல. இந்த வாரத்த முடிங்கண்ணே.”

நண்பர்களே, ஆரோக்கியராஜ் எனக்கு விட்டுப்போனது வேல்நம்பியை அல்ல, பேரையும் அல்ல. வழி தெரியாமல் ஒருவனை மாட்டிவிடுகிற அந்தத் துணிச்சலைத்தான். அவனோடு சேர்ந்து இத்தனை காலம் எழுதியும் அது அவனுடையது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. நான் மாட்டிவிட்டதெல்லாம் அவன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான். போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். விரல்காரி வந்து குடிசைக் கதவைத் தட்டினாள். வேல்நம்பி கண் விழித்துத் திறந்தான். “என் விரல்” என்று அவள் கையை நீட்டினாள். அவன் பின்வாங்கித் திரும்பினால், பாயைச் சுற்றிக் கடல் நின்றது. தொடரும் என்று போட்டு அனுப்பிவிட்டேன். எப்படித் தப்பப்போகிறான் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.