வராத காருக்கு வந்த டிரைவர்

முருகையனுக்கு டிரைவர் வேலை கிடைத்தது ஒரு விஜயதசமி அன்று. ஓட்டுவதற்குக் கார்தான் கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றாக வந்திருக்க வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் அந்தக் காலத்தில் கார் வாங்குவது என்பது காசைக் கொடுத்துப் பொருளை வாங்கிவருகிற காரியம் இல்லை. பதிவு செய்துவிட்டுத் தவம் கிடக்க வேண்டும். கல்யாணமான கையோடு பதிவு செய்தவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு காரில் ஏறியதுண்டு.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த இசக்கிமுத்து அண்ணாச்சியும் அப்படித் தவம் கிடந்தவர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கடை போட்டு, மந்தைவெளியில் வீடும் கட்டியவர். 1970இல் ஒரு நாள் மவுண்ட் ரோடு ஷோரூமில், "அடுத்த மாதம் உங்கள் வண்டி வந்துவிடும்" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி எதையும் ஆறப்போடுகிறவர் இல்லை. வீட்டின் பக்கவாட்டில் ஷெட் எழும்பியது. இரட்டைக் கதவு, பச்சை பெயின்ட். ஷெட் முடிந்ததும் டிரைவர் வேண்டுமே? துறைமுகத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த முருகையனை யாரோ கூட்டிவந்து நிறுத்தினார்கள். விஜயதசமி நல்ல நேரத்தில் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், இரண்டு செட் காக்கி உடுப்பு எல்லாம் வைத்து, "இன்னையிலேருந்து நீ நம்ம கார் டிரைவர்டே" என்று அண்ணாச்சி கொடுத்தார். முருகையன் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த மாதம் கார் வரவில்லை. பொங்கலுக்கு வரும் என்றார்கள். பிறகு சித்திரைக்கு என்றார்கள். எந்த வருஷத்துச் சித்திரை என்று அண்ணாச்சி கேட்டு வைத்துக்கொண்டிருக்கலாம்.

"கார் வரட்டும், அப்புறம் ஆள் வச்சுக்கிடலாம். இவன அனுப்பிருங்க" என்றாள் அண்ணாச்சியின் மனைவி சுந்தரவல்லி. அவள் சொன்னதுதான் புத்தியுள்ள பேச்சு. ஆனால் அண்ணாச்சி பதறிப்போனார். விஜயதசமி அன்று வெற்றிலை கொடுத்து வைத்த ஆளை, வேலை தொடங்காமலே அனுப்பினால் அந்த வேலையே விளங்காது என்பது அவர்கள் கடை வழக்கம். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். "டிரைவர் போனாம்னா காரும் போச்சு. பேசாம இரு" என்று முடித்துவிட்டார்.

சரி, அவனை ரேஷன் கடைக்காவது அனுப்பலாமா என்றாள் சுந்தரவல்லி. அதுவும் கூடாதாம். டிரைவருக்கு வெற்றிலை வாங்கியவன் ரேஷன் பையைத் தூக்கினால், வருகிற காரும் மூட்டை சுமக்கத்தான் வரும் என்று சொல்லிவிட்டார். ஆக, முருகையன் காலையில் காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டு வருவான். பச்சைக் கதவைத் திறப்பான். காலி ஷெட்டைப் பெருக்குவான். உள்ளே ஸ்டூல் போட்டு உட்காருவான். சாயந்திரம் கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான். வெள்ளிக்கிழமைதோறும், காரின் நான்கு சக்கரங்களும் எங்கே நிற்குமோ அங்கே நான்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்ட வேண்டும். அதுதான் உள்ளதிலேயே கனமான வேலை.

கேட்கிறவர்களுக்குக் கொடுத்து வைத்த மகராசன் என்றுதான் தோன்றும். அவனுக்கோ அவமானமாக இருந்தது. ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கக் கை நீட்டும்போது கூசியது. கை மறந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துக்குப் போய், பழைய கூட்டாளி குலாம் ரசூலின் லாரியை யார்டுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வருவான். அந்த ஒரு நாள் ராத்திரிதான் அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

இரண்டாம் வருஷம் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. கார் திடீரென்று வந்து நின்றால், யார் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தெருவில் நின்று முழிக்கக் கூடாதல்லவா? பழகிவைத்துக்கொள்வது நல்லது. ஷெட்டுக்குள் முன்னால் இரண்டு நாற்காலி, பின்னால் ஒரு பெஞ்சு போடச் சொன்னார். முன்னால் வலப்பக்கம் முருகையன். இடப்பக்கம் அண்ணாச்சி. பின்னால் பெஞ்சில் சுந்தரவல்லியும், புருஷன் வெளியூர் வேலையில் இருந்ததால் கூடவே இருந்த அண்ணாச்சியின் தங்கை மீனாட்சியும்.

"வண்டிய எடுடே."

முருகையன் ஒரு தாம்பாளத்தை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டான். முதல் நாள் வெட்கத்தில் செத்தான். "ஆரன் அடிடே, மாடு வருது பாரு" என்று அண்ணாச்சி அதட்டியதும், வேறு வழியில்லாமல் "பாம் பாம்" என்று வாயாலேயே அடித்தான். அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. அதற்குப் பிறகு ஞாயிறு தவிர எல்லா நாளும் சாயந்திரம் அவர்கள் நால்வரும் பச்சை ஷெட்டுக்குள் வடபழனிக்குப் போய்விட்டு வந்தார்கள்.

பெஞ்சுக்கு இரண்டு முனை, ஆளும் இரண்டு பேர், ஆளுக்கொரு ஜன்னல், இதில் என்ன சண்டை வரப்போகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரோட்டில் வண்டி இடப்பக்கமாகத்தானே போகும்? இடது ஜன்னலில் உட்கார்ந்தால் பாண்டி பஜாரின் கடை ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போகலாம். வலது ஜன்னலில் உட்கார்ந்தால் எதிரே வருகிற பஸ்ஸின் புகையைத்தான் பார்க்க வேண்டும். இந்த உண்மையை மீனாட்சிதான் முதலில் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தவள் போய் இடது முனையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அது என் இடம். கட்டினவருக்குப் பின்னாடி பொண்டாட்டிதான் உக்காரணும்" என்றாள் சுந்தரவல்லி.

"நான் இந்த வீட்டுல பொறந்தவ மதினி. நீங்க வந்தவுக" என்றாள் மீனாட்சி.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒரு மாதத்தில் சமையலறையில் இரண்டு அடுப்பு எரிந்தது. வராத காரின் இல்லாத ஜன்னலுக்காக, ஒரே வீட்டில் இரண்டு ரசம் கொதித்தது. கடையில் ஆயிரம் பேரைச் சமாளிக்கிற அண்ணாச்சி இந்த இரண்டு பேரிடமும் வாய் திறக்கவில்லை. ஒத்திகைக்கு வரும்போது இரண்டு பெண்களும் பெஞ்சின் இடது முனைக்கு ஓட்டப்பந்தயம் மாதிரி ஓடிவருவார்கள். முருகையன் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நேராகவே பார்ப்பான்.

இதற்கிடையில் முருகையனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் தேவானை, மந்தைவெளிக்குப் பின்னால் கால்வாய்க்கரைக் குடிசைகளில் ஆப்பக்கடை போட்டிருந்தவள். 'பங்களா வீட்டுல கார் டிரைவரு' என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார்கள். முருகையன் அவள் குடிசைக்கே குடிவந்தான். வந்த மறுவாரம் ஆப்பம் வாங்க வந்த ஒருத்தன், அந்த வீட்டில் கார் எதுவும் கிடையாது என்று போட்டு உடைத்துவிட்டான். அன்றிலிருந்து கால்வாய்க்கரையில் அவனுக்குப் பெயர் 'செட்டு டிரைவரு'.

"இன்னா நைனா, இன்னிக்கு எத்தினி மைலு ஓட்ன?" என்று கேட்பார்கள். "டயர் பஞ்சராமே, மெய்யாலுமா?" என்பார்கள். முருகையன் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான்.

தேவானை சிரிக்கமாட்டாள். அது இன்னும் மோசம். "நீ வாச்மேன் வேல பாத்துக்கினு கீறியா? பாத்தா பாரு, தப்பில்ல. எங்கைல எதுக்குப் பொய் சொல்ற?" என்றுதான் கேட்பாள். நான் டிரைவர்தான் என்று அவனும் எத்தனை தடவைதான் சொல்வான்? மூன்று முறை ஷோரூமிலிருந்து 'நாளைக்கு வண்டி' என்று செய்தி வந்து, மூன்று முறையும் வீட்டில் பெருமையாகச் சொல்லி, மூன்று முறையும் கார் வராமல் போனதில் அவன் பேச்சுக்கு ஆப்பச் சட்டியின் மதிப்புக்கூட இல்லாமல் போயிற்று. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரே ஒரு தடவை, தான் ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவதைத் தேவானை கண்ணால் பார்க்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

1975இல் ஒரு வியாழக்கிழமை கார் வந்தேவிட்டது. ஷோரூம்காரன் ஓட்டிவந்து ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போனான். வெள்ளை நிறம். அண்ணாச்சி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். முருகையனும் அழுதான். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று இடது கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தேவான, நாளிக்கு ஒம்போது மணிக்கு வடபழனி கோயிலுக்கு எடுக்கறோம். வந்து பாரு" என்றான் வீட்டில். அவள் ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே, "ஆங், பாக்கறேன் பாக்கறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. காருக்கு மாலை, சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சம்பழம். ஐந்து வருஷமாக எலுமிச்சம்பழம் வைத்த அதே இடங்களில் சக்கரங்கள் நிற்கவில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை. அண்ணாச்சி பட்டு வேட்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் மஞ்சள் குங்குமத்தோடு சுமங்கலி ஒருத்தி உட்கார்ந்த பிறகுதான் புது வண்டியை முதல் தடவை எடுக்க வேண்டும், வெறும் வண்டியை எடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி. அதற்காகவே பூத்தட்டு தயாராக இருந்தது.

சுந்தரவல்லி பட்டுப் புடவையில் வந்து இடது கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். அதே நேரத்தில் மீனாட்சியும் பிடித்தாள். இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை.

"ஒருத்தி அந்தப் பக்கம் ஏறுங்களேன்" என்று அண்ணாச்சி கெஞ்சினார்.

"அவ அந்தப் பக்கம் ஏறட்டும்."

"மதினி ஏறட்டும்."

"பத்தரைக்கு ராகுகாலம் தாயே!"

"அப்ப நான் வரலை" என்று சுந்தரவல்லி உள்ளே போய்விட்டாள். மீனாட்சி ஜெயித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். "யாரும் விட்டுக்குடுத்த இடத்துல எனக்கு உக்கார வேண்டாம்" என்று அவளும் போய்விட்டாள். இரண்டு அறைக் கதவும் டமால் டமால் என்று சாத்திக்கொண்டன. அண்ணாச்சி கதவு கதவாகத் தட்டினார். மணி பத்தேகால் ஆயிற்று. முருகையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இனி அடுத்த வெள்ளிக்கிழமைதான். அடுத்த வெள்ளிக்கிழமையும் இதே கதவுதான், இதே இரண்டு பேர்தான். இந்த வண்டி இந்த ஜன்மத்தில் நகராது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அப்போதுதான் கேட்டருகே தேவானை நிற்பதைப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கார் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டாள். அது நகரவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியும் திரும்பி வரும்போது அவளைப் பார்த்தார். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. "யாருடே அது?"

"என் சம்சாரம் மொதலாளி."

"ஏம்மா, வா வா, ஏறு! பின்னாடி ஏறு!" என்று அண்ணாச்சி ஓடினார்.

தேவானை அசையவில்லை. ராகுகாலம் அண்ணாச்சிக்குத்தான், அவளுக்கு இல்லை. "எங்க கால்வா ரோடு வயியா போனா ஏர்றேன்" என்றாள்.

"எந்த வழியா வேணும்னாலும் போகச் சொல்லுதேன், ஏறு தாயி!"

அவள் ஏறினாள். ஒரு வீட்டையே இரண்டாக்கிய அந்த இடது ஜன்னலோரம், பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வண்டிய எடுடே" என்றார் அண்ணாச்சி. எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி பச்சைக் கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. முருகையனின் கை எதையும் மறந்திருக்கவில்லை.

கால்வாய்க்கரை ரோட்டில் திரும்பியதும் குடிசைக்குக் குடிசை ஆட்கள் வெளியே வந்தார்கள். குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் எடுக்கவில்லை. 'செட்டு டிரைவரு' புத்தம் புது வெள்ளைக் காரில் வருகிறான். பின்சீட்டில் ஆப்பக்காரி! அந்த நேரம் பார்த்து ஓர் எருமை குறுக்கே வந்து நின்றது. முருகையன் அழகாகப் பிரேக் போட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பாம் பாம்!" என்றான்.

வாயால்தான். வருஷக்கணக்கான பழக்கம், என்ன செய்வது.

எருமைகூடத் திரும்பிப் பார்த்தது. பிறகு கால்வாய்க்கரை முழுக்கச் சிரித்தது, குடத்தை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முருகையனுக்குக் காது வரை சுட்டது. பின்னால் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டான்.

இடது ஜன்னலிலிருந்து தேவானையின் தலை வெளியே வந்தது.

"இன்னாத்துக்கு இளிக்கிறீங்க? அஞ்சு வருசமா வண்டி இல்லாமயே ஓட்னவன் எம் புருசன்! இன்னிக்கு வண்டியோட ஓட்றான், நல்லா பாத்துக்கோ!"

சிரிப்பு அடங்கியது. எருமை நகர்ந்தது. அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வடபழனி வரைக்கும் ஜன்னல் பக்கம் அவள் திரும்பவே இல்லை. பாண்டி பஜாரின் அத்தனை கடைகளும் வந்து வந்து போயின. முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்புகிற அவன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோயில் கோபுரம் தெரிந்தபோது, மெதுவாக, அவனுக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்துச் சொன்னாள்: "யோவ், இன்னொருவாட்டி அடியேன். வாயாலயே."

முருகையன் தயங்கி முதலாளியின் முகத்தைப் பார்த்தான்.

"அடிடே" என்றார் அண்ணாச்சி.